நோய்ச் செய்தியில் 'கண்காணிப்பு'

2025 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நம் நாட்டுப் பள்ளிகளில் இன்புளுவென்சா பரவிய செய்தியைத் தமிழ் நாளிதழ்கள் வெளியிட்டன. அவ்வாண்டின் நாற்பதாம் வாரத்தில் 97 தொற்றுத் திரள்கள் பதிவாயின என்றும், அதற்கு முந்திய வாரத்தில் அவை 14 ஆகவே இருந்தன என்றும் சுகாதார அமைச்சு அறிவித்தது. ஏறத்தாழ 6,000 மாணவர் நோயுற்றனர் என்றும், சில பள்ளிகள் மூடப்பட்டன என்றும் கல்வி அமைச்சின் வாயிலாகச் செய்தி வந்தது. செய்தியிற் குறையில்லை, அதைத் தாங்கி வந்த தமிழிற் குறையுண்டு என்பதே என் வழக்கு. சொல்லைக் குறைகூறுவதே தமிழாசிரியர்க்குத் தொழிலாய்ப் போயிற்று என்பாருமுளர். ஆயினும் நோயைப் பற்றிய செய்தியில் ஒரு சொல் பிழைபட்டால் அதன் பயன் இலக்கணத்தோடு நின்றுவிடுவதில்லை. காய்ச்சலோடு கிடக்கும் பிள்ளை கிளினிக்கிற்குப் போவதும் போகாதிருப்பதும் அதைச் சார்ந்து நிற்கிறது.

முதலில் நோயின் பெயரைப் பார்ப்போம். 'சளிக்காய்ச்சல்' என்று எழுதி வருகிறோம். இன்புளுவென்சாவில் முன்னிற்பது சளியன்று. திடீரென மூளும் காய்ச்சலும், அடித்துப் போட்டாற்போன்ற உடல்வலியும், வறட்டு இருமலுமே முன்னிற்பன. தடிமனும் நீர்க்கோவையும் வேறு. பெயரிலே சளி வந்து அமர்ந்துகொண்டமையால், 'சளிதானே, இரண்டு நாளிற் போய்விடும்' என்னும் எண்ணமும் உடன் வந்துவிடுகிறது. முதியோரையும் கருவுற்ற பெண்டிரையும் கைக்குழந்தைகளையும் உயிரிழப்பு வரை கொண்டு செல்லவல்ல நோய்க்கு இப்பெயர் போதாது. மலாய் மொழியினர் தடிமனைச் 'செலெசெமா' என்பர். அது வடமொழிச் சொல்லின் வழி வந்தது. நம் சித்த மருத்துவ நூல்களில் 'சிலேத்துமம்' என நிற்பதும் அதுவே. எனினும் அரசாங்க அறிக்கையில் அவர்கள் 'இன்புளுவென்சா' என்றே எழுதி, அதைத் தடிமனிலிருந்து பிரித்துவிடுகின்றனர். நாமும் அவ்வாறு செய்தல் நன்று. தனித்தமிழ் அன்பர்கள் சினவாதிருப்பார்களாக.

அடுத்தது 'பருவகால' என்னும் அடை. தொல்காப்பியர் கூறும் பெரும்பொழுது ஆறனுள் முன்பனியும் பின்பனியும் உண்டு. ஜொகூரில் அவை எங்கே? குளிர்நாடுகளில் பனிக்காலந்தோறும் இந்நோய் எழுவதால் அங்குள்ளோர் அவ்வடையை இட்டனர். நிலநடுக்கோட்டை அடுத்த நம் நாட்டில் அஃது ஆண்டு முழுவதும் உண்டு. சில மாதங்களில் ஏறும், பின் இறங்கும். 1918, 1957, 1968, 2009 ஆகிய ஆண்டுகளில் உலகை வளைத்த பெருங்கொள்ளை நோயன்று, ஆண்டுதோறும் வருவது என்பதே இன்று அவ்வடையின் கருத்து. 'ஆண்டுதோறும் வரும் இன்புளுவென்சா' என்றால் எவர்க்கும் விளங்கும்.

இவ்விரண்டும் சிறு குறைகள். 'கண்காணிப்பு' அவ்வாறன்று.

சொல் நல்ல சொல்லே. அதன் வழியில்தான் 'கங்காணி'யும் பிறந்தான். இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்குக் கங்காணி இன்னானென விளக்க வேண்டுவதில்லை. தமிழகத்துச் சிற்றூர்களில் ஆள்திரட்டிக் கப்பலேற்றி, இங்கே அவர்களை வேலைவாங்கியவன் அவனே. 1938 இல் இந்திய அரசாங்கம் தடைவிதிக்கும் வரை அவ்வாள்திரட்டு நடந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் தலையெண்ணும்போது, காய்ச்சலோடு லயத்திற் கிடந்தவன் பெரும்பாலும் நோயாளியாக எண்ணப்படவில்லை, வேலைக்கு வராதவனாகவே எண்ணப்பட்டான். இன்று அதே சொல் தேர்வுக் கூடத்துக் கண்காணிப்பாளரையும், கடைவாசலில் மாட்டிய கண்காணிப்புக் கேமராவையும் குறிக்கிறது. மூன்றிடத்தும் பொதுப்பொருள் ஒன்று: தவறு செய்வானோ என ஐயுற்று ஆளைப் பார்ப்பது. வள்ளுவர் ஒற்றாடலுக்குத் தனி அதிகாரம் வகுத்தார். நம் சொல் மெல்ல அதன் பக்கத்திற் போய் நின்றுகொண்டது.

மேற்கூறிய அக்டோபரில் மாணவன் ஒருவன் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. தாயாரை வினவினேன். "கிளினிக்குக்குப் போனா கண்காணிப்புல பேரைப் போட்டுருவாங்களாமே, ஐயா? பேப்பர்ல இருக்கே" என்றார். அவர் படித்தது தமிழ்ச் செய்தி. பொருள்கொண்டதிலும் அவர்மேற் பிழையில்லை; தோட்டத்தில் அச்சொல்லுக்கு நெடுங்காலமாக உள்ள பொருளையே கொண்டார்.

உண்மையில் நடப்பது யாது? அரசாங்கக் கிளினிக்குகளுள் சிலவும் மருத்துவமனைகளுள் சிலவும் இதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டுள்ளன. 38 பாகை செல்சியசும் அதற்கு மேலுமான காய்ச்சலோடு இருமலும் உடையராய், நோய் தொடங்கிப் பத்து நாளுக்குள் கிளினிக்கிற்கு வருவோர் ஒரு கணக்கு. அதே குறிகளோடு மருத்துவமனையிற் படுக்க வைக்க வேண்டிய நிலையினர் மற்றொரு கணக்கு. வந்த நோயாளிகளுள் இத்தகையோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்று வாரந்தோறும் கணிப்பர். அவர்களுள் சிலரிடம் மட்டும் மூக்கிலோ தொண்டையிலோ பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவர். 1900 இல் கோலாலம்பூரில் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அத்தகைய ஆய்வுக்கூடங்களுள் ஒன்று. வைரசு ஏ வகையா, பி வகையா, ஏ எனின் எச்1என்1 ஆ, எச்3என்2 ஆ என்பதெல்லாம் அங்கே அறியப்படும். தேர்ந்த சில மாதிரிகள், உலக சுகாதார நிறுவனம் 1952 முதல் நடத்திவரும் இன்புளுவென்சா வலையமைப்பின் பெரிய ஆய்வுக்கூடங்களுக்குச் செல்லும். ஆண்டில் இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், வல்லுநர் கூடி அடுத்த தடுப்பூசியில் எவ்வைரசுகளைச் சேர்ப்பது என முடிவு செய்வர்.

பேரைப் போட்டுவிடுவார்கள் என்றாரே அத்தாயார், பெயர் இடுவதும் உண்டு. அது யாருடைய பெயர் என்பதைத் தமிழ்ச் செய்தி ஒருநாளும் சொல்வதில்லை. 'பி/மலேசியா/2506/2004' என்பது ஒரு வைரசின் பெயர். முதலெழுத்து வகையைக் காட்டும், அடுத்தது மாதிரி கிடைத்த இடம், பின்னது வரிசையெண், இறுதியில் நிற்பது ஆண்டு. ஊருண்டு, எண்ணுண்டு, ஆண்டுண்டு, ஆளில்லை. 2006-07, 2007-08 ஆகிய இரு குளிர்காலங்களுக்கும் வடகோளத் தடுப்பூசியில் பி வகைக்கு இவ்வைரசே பரிந்துரைக்கப்பட்டது. யாரோ ஒரு மலேசியரிடமிருந்து எடுத்த மாதிரியை அடியாகக் கொண்டு, இந்நாட்டை நிலப்படத்திற் கூடப் பாராத முதியோர் பலர் காக்கப்பட்டனர். இதனை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். பெயரைப் பிரித்துப் பொருள்காண அவர்களுக்குப் பகுபத இலக்கணம் கூட வேண்டியதில்லை.

பாலத்திற்கு அப்பால் உள்ள சிங்கப்பூருக்கும் இவ்வாறு ஒரு பெயருண்டு: 'ஏ/சிங்கப்பூர்/1/57'. 1957 மே மாதத் தொடக்கத்தில், பின்னர் ஆசியக் காய்ச்சல் எனப்பட்ட நோய் ஹாங்காங்கிலிருந்து வந்து பரவுகிறது என்னும் செய்தி உலக சுகாதார நிறுவனத்தைச் சிங்கப்பூரிலிருந்துதான் எட்டியது. அதற்கு முன்பே சீனாவின் உள்நாட்டில் நோய் பரவியிருந்தது. மக்கட் சீனம் அந்நாளில் அந்நிறுவனத்தில் இடம்பெறாமையால் அங்கிருந்து சொல்வாரில்லை. உலகம் சில கிழமைகளை இழந்தது.

சில இடங்களை மட்டும் பார்த்து நாடு முழுவதையும் அறிதல் நமக்குப் புதிதன்று. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். குறிஞ்சி நிலத்தில் தினைப்புனம் காத்தவள் கதிர்தோறும் போய் நின்றவளல்லள். பரண்மேல் இருந்து பார்த்தாள். தெரிந்தெடுத்த கிளினிக்குகளை ஆங்கிலத்தார் காவலாளைக் குறிக்கும் சொல்லாலே வழங்குகின்றனர். நாம் 'காவல் நிலையம்' என்றால் போலீசு வந்துவிடும். 'நோட்டம்' என்றாலோ திருடனே வந்துவிடுவான். 'பரண்' என்று எழுதலாமே: பரண் கிளினிக், பரண் மருத்துவமனை. பரணில் இருப்பவள் கிளியைப் பார்க்கிறாள். தினையின்மேல் அவளுக்கு ஐயமில்லை.

ஆனால் அப்பழமொழிக்கு ஒரு வரம்புண்டு. பானை முழுதும் ஒரே சீராக வெந்திருந்தாலன்றி ஒரு பருக்கை போதாது. பட்டணத்து எல்லைக்கு அப்பால், பேருந்து எட்டாத தோட்டத்தில், ஒருநாட் கூலியை இழந்து பிள்ளையைக் கிளினிக்கிற்குத் தூக்கிச் செல்ல வேண்டியவரின் வீட்டுக் காய்ச்சல் அடியில் கிடக்கும் பருக்கை. அது கரண்டிக்கு எளிதில் எட்டாது. 'கண்காணிப்பு' என்னும் சொல்லுக்கு அஞ்சி அவர்கள் நின்றுவிட்டால் ஒருபோதும் எட்டாது. அத்தகைய வீடுகளின் நோய் கணக்கில் வராமற் போவது கணக்கெடுப்போரின் குறையினும் எழுதுவோரின் குறை என்பேன்.

எண்களிலும் இதே குழப்பம். 97 என்பதும் 6,000 என்பதும் பரணிலிருந்து எடுத்த கணக்கல்ல. நோய் ஓரிடத்தில் திரண்டபோது அங்கிருந்து அறிவிக்கப்பட்டவை. திரள் அறிவிப்பு உடனே தடுக்கும் பணிக்கு உரியது. பரண் கணக்கு நோயின் ஏற்ற இறக்கத்தை அறிதற்கு உரியது. இரண்டையும் ஒரே கூடையிற் போட்டு 'கண்காணிப்பில் தெரியவந்தது' என்று எழுதினால், படிப்பவர் 6,000 என்பதை நாட்டில் நோயுற்றோர் அனைவரின் தொகையாகக் கொள்வர், அல்லது பிடிபட்டோர் தொகையாகக் கொள்வர். எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேரைச் சோதித்தனர், அவர்களுள் எத்தனை பேரிடம் வைரசு இருந்தது என்னும் மூன்றையும் ஒரு வரியில் எழுத நம் செய்தியாசிரியர்க்கு இடமில்லாமற் போகாது.

'பரண்' என்றால் வீட்டில் பழம்பொருள் ஏற்றி வைக்கும் தட்டு அல்லவா என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமே. 'இதணம்' என்னும் பழஞ்சொல்லும் உண்டு. அதை விளக்க ஒரு பாடவேளை தேவைப்படும். இவற்றினும் நல்ல சொல் உடையோர் இப்பகுதிக்கு எழுதுவார்களாக.