காய்ச்சல் தணிந்தது, கஷாயமா காரணம்?

பெரியபட்டினம் பக்கம் ஐப்பசி மழை விழுந்துவிட்டால் பல வீடுகளில் நொச்சித்தழை கொதிக்கும். சுக்கு, மிளகு, துளசி, ஆடாதோடை என்று சரக்கு வீட்டுக்கு வீடு மாறும்; “குடித்தோம், குணமாயிற்று” என்ற முடிவு மட்டும் மாறுவதேயில்லை.

இம்முடிவைச் சற்று ஆராய்வோம். வெந்நீரை மேசைமீது வைத்து விசிறுங்கள், ஆறும். விசிறாவிட்டாலும் ஆறும். விசிறியின் பங்கு எவ்வளவு என்றறிய, அதே அளவு வெந்நீரை இன்னொரு பாத்திரத்தில் விசிறாமல் வைத்து, இரண்டிலும் வெப்பமானியை இடவேண்டும். சாதாரணச் சளி மருந்தின்றியே பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களில் போய்விடும். நாமோ தொல்லை உச்சத்திலிருக்கும் மூன்றாம் நாள் கஷாயம் குடிக்கிறோம். அதன்பின் இறங்குமுகம்தானே! இரண்டாவது பாத்திரம் எங்கே?

2012-இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரை மக்களுக்கு வழங்கியது. நிலவேம்புடன் வெட்டிவேர், கோரைக்கிழங்கு, பற்படாகம் முதலாக ஒன்பது சரக்குகள் சேர்ந்தது அது. ஆராய்ச்சி முடியும்வரை அதை வழங்க வேண்டாமென்று 2017-இல் கமல்ஹாசன் தம் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டதும் சர்ச்சை மூண்டது. தமிழ் மருத்துவமா, ஆங்கில மருத்துவமா என்று கட்சி கட்டியவர்களே மிகுதி. அளவைப் பற்றிப் பேசியவர் குறைவு.

ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில், இச்சரக்குகளின் சாறு டெங்கு வைரஸைத் தடுத்ததாக ஓர் ஆய்வு உண்டு. மெய்தான். ஆனால் அச்சாறு எத்தனாலில் எடுக்கப்பட்டது. நாம் குடிப்பதோ நீரில் காய்ச்சியது. இவ்வேறுபாடு அற்பமன்று. சீனத்தின் தூ யூயூ அம்மையார் பழைய மருத்துவ நூலொன்றின் குறிப்பைப் பின்பற்றி மலேரியாவுக்கு மூலிகை தேடினார். சூடாக்கி எடுத்த சாறு கைவிட்டது. தாழ்ந்த வெப்பநிலையில் ஈதரைக் கொண்டு எடுத்த சாறு 1971-இல் பலித்தது. 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய நூலை அவரும் மதித்தவரே. ஆனால் அளந்து பார்த்தார்.

சளிக்குக் கஷாயம் குடிப்பதால் பெரிய கேடில்லை. தொண்டைக்கு இதமாகவும் இருக்கும். டெங்குவில் கதை வேறு. காய்ச்சல் தணியும் வேளையில்தான் சிலருக்கு இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசியத் தொடங்குகிறது. “கஷாயம் கேட்டுவிட்டது” என்று வீடே நிம்மதியடையும் நேரமும் அதுவே. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே இராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கஷாயத்தைப் பிறகு குடித்துக்கொள்ளலாம்.