மண்டாடி மேத்தா

பேச்சு கச்சேரிப் பக்கம் திரும்பினாலே என் சேக்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "ஆரம்பிச்சிட்டான்டா" என்று ஒருத்தன் முணுமுணுப்பான். நான் இன்னும் வாயையே திறந்திருக்க மாட்டேன். பல வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு அலுக்காதா? எனக்குத்தான் அலுக்கவில்லை. 2005 டிசம்பர் 26, திங்கட்கிழமை. மியூசிக் அகாடமி. ஜூபின் மேத்தா, கூடவே மியூனிக்கிலிருந்து வந்த பவேரிய அரசு இசைக்குழு. நான் அங்கே இருந்தேன்! பால்கனியில், இரவல் வாங்கிய முழுக்கைச் சட்டையில், இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு.

தேதியைக் கவனித்திருப்பீர்கள். அன்று காலை ஊரூர் ஒல்காட் குப்பத்தில் நாங்கள் கடலுக்குப் பால் ஊற்றினோம். எங்கள் கரையில் நின்று வடக்கே பார்த்தால் அடையாறு முகத்துவாரம், அதைத் தாண்டினால் சீனிவாசபுரம். என் அத்தையைக் கட்டிக்கொடுத்த இடம். முந்தின வருஷம் அதே தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த தண்ணீர் அந்தப் பக்கம் அத்தையையும் இந்தப் பக்கம் நைனாவின் படகையும் எடுத்துக்கொண்டு போனது. படகுக்குப் பதில் படகு வந்தது. அத்தைக்குப் பால் ஊற்றினோம்.

சாயந்திரக் கச்சேரி அந்தச் சாவுகளுக்கான நினைவுக் கச்சேரி. ஜெர்மன் துணைத் தூதரகமும் மாக்ஸ் முல்லர் பவனும் ஏற்பாடு செய்தது. நிவாரண வேலைக்காகக் குப்பத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு அக்கா கையில் ஒரு பாஸ் இருந்தது. "உங்களை நெனச்சுத்தான் நடத்துறாங்க. உங்க ஆளு ஒருத்தராவது போக வேணாமா?" என்று என்னிடம் நீட்டினார். நைனாவுக்குப் பிடிக்கவில்லை. "பால் ஊத்துன கையோட தொரை பாட்டு கேக்கப் போறாராம்" என்றார். தாத்தாதான், "போயிட்டு வரட்டும் உடு" என்று முடித்துவைத்தார். 29சி ஏறிவிட்டேன்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குப்பத்தில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் எல்லையம்மன் கோயில் திருவிழாவுக்குச் சினிமாப் பாட்டுப் பாட வரும் கோஷ்டி. இரண்டு கீபோர்டு, ஒரு ரிதம் பேடு, தொண்டையைவிட எக்கோவை நம்பும் ஒரு பாடகர். அதற்கு மேல் எனக்குத் தெரிந்த வயலின் கூட்டமெல்லாம் இளையராஜா கேசட்டில் இருந்ததுதான். 'தளபதி'யில் அந்த வயலின்கள் மொத்தமாகக் கிளம்பும்போது ஏதோ பெரிய ஊரே சேர்ந்து வாசிக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். எத்தனை பேர், எப்படி உட்காருவார்கள், யார் சொல்லி யார் வாசிப்பார்கள், ஒன்றும் தெரியாது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் எனக்கும் நடுவே ஒரு டேப்ரிக்கார்டர்தான் இருந்தது.

இப்போது மேடை நிறைய ஆள். எண்ண ஆரம்பித்து, அறுபதுக்குமேல் விட்டுவிட்டேன். இடது பக்கம் வயலின்கள் குவியலாக. பின்னால் ஆளுயர டபுள் பாஸ்கள், கரையில் சாய்த்து நிறுத்திய கட்டுமரம் மாதிரி. ஓபோ என்கிற ஒல்லிக் குழல் ஒரே ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தது. மற்றவர்கள் அத்தனை பேரும் அதைப் பிடித்துச் சுருதி சேர்த்துக்கொண்டார்கள். நம்மவர்கள் தம்புராவோடு சேர்வதைப் போலத்தான். ஆனால் இத்தனை பேர் ஒரே நேரத்தில் சேரும்போது வரும் அந்த இரைச்சல் இருக்கிறதே, அடடா! அதையே கச்சேரி என்று நினைத்துக் கைதட்டப் போனேன். பக்கத்து சீட்டு மாமி என் முழங்கையைத் தொட்டு, "இன்னும் ஆரம்பிக்கலைப்பா" என்றார்.

அப்புறம் அவர் வந்தார். அறுபத்தொன்பது வயசு. வேகமாக நடந்து வந்தார், குனிந்து ஒரு வணக்கம், உடனே முதுகைக் காட்டிவிட்டார். எனக்கு அது புதுசு. மேடைக்கு வந்தவர் ஜனத்தைப் பார்த்துப் பேசாமல், ஒரு 'வணக்கம் சென்னை' கூடச் சொல்லாமல், தன் ஆட்களைப் பார்த்து நிற்கிறார். கையைத் தூக்கினார். அறுபது, எழுபது வில்லும் தூக்கின. கை கீழே இறங்கியது.

சத்தம் வரவில்லை.

ஐயோ, தவறவிட்டுவிட்டார்களே என்று எனக்குத் திக்கென்றது. கண் இமைக்கிற நேரம்தான் இருக்கும். கை எப்போதோ இறங்கிவிட்டது, அதற்கப்புறம் அலை கரையேறுகிற மாதிரி சத்தம் எழுந்தது. ஒரே ஆளாக. அது ஸ்பீக்கரில் வருகிற சத்தமாகவே எனக்குத் தெரியவில்லை. மரமும் தோலும் மூச்சும் கலந்து வந்து நெஞ்சில் மோதியது. கேசட்டில் கேட்டதெல்லாம் மீனின் படம் என்றால், இது துள்ளிக்கொண்டிருந்த மீன்.

என்னென்ன வாசித்தார்கள் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் பேர் எதுவும் என் வாயில் நுழைந்திருக்காது. இப்போது நுழையும். ஆனால் பேரைச் சொல்லி இதைப் பெரிய மனுஷன் கதையாக ஆக்க எனக்கு இஷ்டமில்லை. அன்று நான் காதால் கேட்டது பாதி, கண்ணால் பார்த்தது பாதி. பார்த்தது அந்தக் கையை.

வலது கையில் சின்னக் கோல். அது காலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. வேடிக்கையெல்லாம் இடது கையில்தான். உள்ளங்கையை மேல்நோக்கி மெல்லத் தூக்குவார், செல்லோக்கள் தடிக்கும். ஒரு விரலை உதட்டுப் பக்கம் கொண்டுபோவார், அத்தனை வயலினும் கொசு இரைச்சலாகச் சுருங்கிவிடும். ஏசி ஓடுகிற சத்தம் கேட்கும். சில இடங்களில் இரண்டு கையையும் தொங்கவிட்டுச் சும்மா நின்றார். அவர்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டு போனார்கள், அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தச் சும்மா நின்றதுக்கே நான் இன்னொரு பாஸ் வாங்கியிருப்பேன்!

இந்தக் கையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன் என்பது எனக்குத் தோன்ற அரை மணி நேரம் ஆனது.

எங்கள் தாத்தா மண்டாடி. பெரிய வலை போடும்போது மணலில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். காற்று வாடையா கொண்டலா, நீரோட்டம் எந்தப் பக்கம், மீன் கூட்டம் எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் அவர் கணக்கு. அலைச் சத்தத்தில் வாயால் கத்தினால் எடுபடாது. தோள் துண்டைத் தூக்கிக் காட்டுவார். அதைப் பார்த்துப் படகில் இருப்பவர்கள் வலையை வளைத்து இறக்குவார்கள். அப்புறம் கரையில் இரண்டு கயிற்றுக்கும் இரண்டு வரிசை ஆள். ஒரு பக்கம் வேகமாக, ஒரு பக்கம் மெதுவாக இழுத்தால் வலை கோணிக்கொள்ளும், மீன் போய்விடும். இந்த வரிசைக்கு ஒரு கை, அந்த வரிசைக்கு ஒரு கை. தாத்தா கயிற்றைத் தொடவே மாட்டார். சின்ன வயதில் எனக்கு அது ஒரு குறை. எல்லாரும் முதுகு ஒடிய இழுக்கிறார்கள், இவர் மட்டும் துண்டை ஆட்டிக்கொண்டு நிற்கிறாரே என்று நைனாவிடம் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

டிம்பனிக்காரரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பெரிய பெரிய செம்புக் கொப்பரைகளில் தோல் கட்டிய முரசு, மேடையின் கடைசியில். மனுஷன் வாசித்ததைவிடக் காத்திருந்ததுதான் அதிகம். மற்றவர்கள் கொட்டித் தீர்த்துக்கொண்டிருக்கும்போது இவர் குனிந்து தோலில் காதை வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுச் சுருதி பார்க்கிறார். மறுபடி காத்திருக்கிறார். தூண்டில் போட்டவன் முகம். மேத்தாவின் கண் ஒருதரம் அந்தப் பக்கம் போனது. நாலே நாலு அடி. என் முதுகுத்தண்டு வரைக்கும் இறங்கியது.

நடுவே மெதுவான ஒரு பகுதி வந்தது. கூடை தூக்கிக்கொண்டு, "நெத்திலி, சங்கரா" என்று அத்தை இழுத்துக் கூவுகிற குரல் ஞாபகம் வந்துவிட்டது. செல்லோ அந்த உயரத்தில்தான் இருந்தது. அதற்கு மேல் இதை எழுத வேண்டாம். மாமி கைக்குட்டை கொடுத்தார், அவ்வளவுதான். அந்தப் பகுதி முடிந்ததும் கைதட்டிவிட்டேன். அடுத்த பகுதியும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டுமாம். இது எனக்கு இன்றைக்கும் உடன்பாடில்லை. ஆலாபனை முடிந்ததும் 'பலே' சொல்லும் ஊர் இது.

அவரைப் பற்றிப் பிறகு தேடித்தேடிப் படித்தேன். பம்பாய்ப் பார்சி. அப்பா மெஹ்லி மேத்தா வயலின்காரர், பம்பாயில் ஒரு சிம்பொனி இசைக்குழுவையே தொடங்கியவர். மகன் பதினெட்டு வயசில் வியன்னாவுக்குப் படிக்கப் போனார். 1962-ல் லாஸ் ஏஞ்சலஸ் இசைக்குழு, அப்புறம் நியூயார்க்கில் 13 வருஷம், இஸ்ரேல் இசைக்குழுவோடு அரை நூற்றாண்டு. பக்கம் பக்கமான நோட்டு அவருக்கு மனப்பாடமாம். ரவிசங்கரின் சிதார் கான்செர்ட்டோவை நியூயார்க்கில் நடத்தியதும் இவர்தான். இத்தனையையும்விட எனக்குப் பிடித்துப்போனது ஒன்று: எந்த ஊருக்குப் போனாலும் மிளகாயைக் கையோடு கொண்டுபோவாராம், அந்த ஊர்ச் சாப்பாட்டில் நறுக்கிப் போட்டுக்கொள்ள. நம்மாளு!

அந்த மியூனிக் குழுவும் லேசுப்பட்டதில்லை. 1523-லிருந்து வம்சாவளி சொல்கிறார்கள். வாக்னரின் 'டிரிஸ்டான்' 1865-ல் அவர்கள் கையில்தான் அரங்கேறியது. எங்கள் குப்பத்துக்குப் பேர் கொடுத்த கர்னல் ஒல்காட் தியாசபிகல் சொசைட்டியை அடையாறுக்குக் கொண்டுவந்தது 1882-ல். அப்போதே அவர்கள் பழைய கை. மேத்தா அவர்களோடு 1998-லிருந்து இருந்தார், 2006-ல் அங்கிருந்து விலகிவிட்டார். கடைசி நேரத்தில் நமக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2015-ல் டி.எம். கிருஷ்ணாவும் நித்தியானந்த் ஜெயராமனும் இன்னும் பலரும் சேர்ந்து எங்கள் குப்பத்திலேயே விழா எடுத்தார்கள். கர்நாடக சங்கீதமும் பறையாட்டமும் ஒரே மணலில். சபாக்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்ததைப் பார்த்தபோது, இரவல் சட்டையில் நான் 29சி ஏறியது நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டேன். நல்ல விழா. ஆனாலும் சேக்காளிகளிடம் மேத்தா கதையைத்தான் மறுபடி ஆரம்பித்தேன்.

அன்றைக்கு ராத்திரி குப்பத்துக்கு வந்து சேர்ந்தபோது தாத்தா, வந்த புதுப் படகின் நிழலில் பீடியோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடா பாத்த?"

நின்ற இடத்திலேயே காட்டினேன். வலது கை, இடது கை, உதட்டு விரல், சும்மா நிற்பது, எல்லாம். பீடி பாதியில் நின்றது.

"ஆனா ஒண்ணு தாத்தா. கை எறங்குனப்புறம் கொஞ்சம் லேட்டாத்தான் சத்தம் வருது."

"லேட்டு இன்னாடா லேட்டு. கயிறு நெடுக ஆளு நிக்கிறான் இல்ல? கடைசி ஆளுக்குப் போய்ச் சேர வேணாமா? இப்ப நடக்கறதப் பாத்துக் கை காட்டுனா மீனு பூடும். அடுத்தாப்புல நடக்கப் போறதுக்குத்தான் காட்டணும்."

பீடியை மணலில் குத்தி அணைத்தார். தண்ணீர் வந்துபோன பிறகு பெரிய வலை போடவே இல்லை. துண்டு சும்மா தோளில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்தைப் பார்த்து நின்றார். அந்தப் பக்கம் சீனிவாசபுரத்தில் ஒன்றிரண்டு விளக்கு எரிந்தது. துண்டை மெல்ல உயர்த்தினார்.

"இப்டியா?"

"இல்ல தாத்தா, இன்னும் மெதுவா. எடது கை."

கை மாற்றிப் பிடித்தார்.