இரு மனைகள்: சிலப்பதிகாரத்தில் இளங்குடும்ப வாழ்வு

இல்லறமே நல்லறமென்பது தமிழர் கொள்கை. திருவள்ளுவர் அறத்துப்பாலில் துறவறத்துக்கு முன்னே இல்லறத்தை வைத்தார்; தொல்காப்பியர் கற்பியலென ஓர் இயலையே அதற்கு வகுத்தார். ஆயினும், மணந்த இருவர் ஒரு புதுமனையிற் புகுந்து அடுப்பு மூட்டி, உண்டு, ஊடி, ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் அன்றாட வாழ்வை ஒரு கதையின் உள்ளே வைத்துக் காட்டிய பழைய நூல்கள் மிகச் சிலவே. அவற்றுள் முதலில் எண்ணத்தக்கது சிலப்பதிகாரம். அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாவதும், பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவதும், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டுவதுமாகிய முப்பொருளும் அக்காப்பியத்தின் சாரமென்று கற்போர் கொள்வர். அது பொருந்தும். அம்மூன்றுக்கும் அடிநிலமாய் நிற்கும் ஒரு செய்தி மட்டும் போதிய அளவு நோக்கப்படவில்லை. அது, கண்ணகி தன் வாழ்நாளில் இரண்டு புதுமனைகளிற் குடிபுகுந்தாள் என்பதே.

முதலாவது மனை புகாரில் உள்ளது. மங்கல வாழ்த்துப் பாடல் கண்ணகிக்குப் பன்னிரண்டு வயதும் கோவலனுக்குப் பதினாறு வயதும் கூறும். மாசாத்துவான் மகனும் மாநாய்கன் மகளும் தீவலஞ் செய்து மணந்தபின், கோவலனின் தாய் அவ்விருவரையும் வேறு மனையில் இருத்துகின்றாள். இல்லறத்தைத் தாமே நடத்திப் பழகட்டும், அறவோரைப் பேணட்டும், விருந்தினரைப் புறந்தரட்டும் என்பது அத்தாயின் கருத்து. பொருளும் ஏவலரும் குறைவின்றி அமைந்தன. இதுவே மனையறம்படுத்த காதை.

காதையின் பெயர் மனையறம் என்று இருப்பினும் உள்ளே மனையறத்தின் தொழில் ஒன்றும் காணப்படாமை நோக்குக. உயர்ந்த மாடத்தின் நடுநிலையில் மணிக்கால் கட்டில் இருக்கின்றது. சாளரத்தின் வழியே தென்றல் வருகின்றது. மலர்மணத்தைத் தொடர்ந்து வண்டும் வருகின்றது. அடுப்பு இல்லை, உலை இல்லை, உணவு இல்லை. கோவலன் தன் மனைவியைப் பொன் என்றும் முத்து என்றும் நறுமணம் என்றும் கரும்பு என்றும் தேன் என்றும் அடுக்கிப் புகழ்கின்றான். கண்ணகி ஒரு சொல்லும் மறுமொழி கூறவில்லை. விருந்தும் அறமும் ஓம்பி யாண்டு சில கழிந்தன என்று சில அடிகளிற் சொல்லி ஆசிரியர் மேற்செல்கின்றார். அவ்வின்பம் நிலையாமையைக் கண்டவர் நுகரும் இன்பம் போன்றிருந்தது எனும் குறிப்பும் காதையின் இறுதியில் வருகின்றது.

இதனைக் கொண்டு கோவலனின் காதல் பொய்யென்று முடித்தல் பிழை. அவன் சொல்லில் வஞ்சனை இல்லை. ஆனால் அவன் கூறும் பொருள்கள் யாவை? பொன்னும் முத்தும் வணிகன் கொண்டு விற்பன. கரும்பும் தேனும் நாவால் நுகர்வன. பெறுவோனின் பார்வையிலேயே அப்புகழுரை நிற்கின்றது. பெறப்படுபவளுக்கும் ஓர் உள்ளம் உண்டென்பது அவனுக்கு இன்னும் புலப்படவில்லை. அவள் வாய்திறவாமையை நாணமென்று உரைப்பது எளிது. அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை என்பதே பாட்டில் உள்ள செய்தி. அடுத்த காதையிலேயே மாதவியின் மாலை விலைக்கு வருகின்றது. கோவலன் அதனை வாங்கி அவள் மனை புகுகின்றான். செல்வத்தாற் கட்டிய மனை செல்வத்தாலேயே கலைந்தது.

இரண்டாவது மனை மதுரையின் புறஞ்சேரியில் ஆயர்பாடியில் உள்ளது. கவுந்தியடிகள் அடைக்கலமாகத் தந்த கண்ணகியை மாதரி ஏற்று, செம்மண் பூசிப் பந்தரிட்ட ஒரு சிறுவீட்டில் இருத்துகின்றாள். புதுநீரால் ஆட்டுகின்றாள், தன் மகள் ஐயையைத் துணையாகத் தருகின்றாள். பகற்பொழுதில் உண்ணும் நோன்புடையார் என்பதை அறிந்து, புதுக்கலங்களும் காய்களும் கனிகளும் நெல்லரிசியும் பால்படு பொருளும் தருகின்றாள். கொலைக்களக் காதையின் இம்முற்பகுதி சமையல் வேலையை அடைவே கூறுகின்றது. கண்ணகி காயரிகின்றாள், மென்விரல் சிவக்கின்றது, முகம் வியர்க்கின்றது, கண்ணும் சிவக்கின்றது. ஐயை வைக்கோலால் தீ மூட்டுகின்றாள். பனையோலையால் முடைந்த தடுக்கிற் கோவலன் இருக்க, மண்கலத்து நீரால் அவன் அடி கழுவி, நிலத்தில் நீர் தெளித்து, குருத்து வாழையிலை விரித்து, உண்ணுமாறு கூறுகின்றாள். உண்டபின் வெற்றிலையும் பாக்கும் தருகின்றாள்.

மாடத்தில் வாராத அடுப்பு குடிலில் வருகின்றது. மாடத்தில் வாராத பேச்சும் ஆங்கே வருகின்றது. உண்டெழுந்த கோவலன் அவளை அருகழைத்து, தாய் தந்தையர் என்னவாயினரோ என்று கலங்குகின்றான். வீணரோடு திரிந்து பெரியோர் சொல்லை மறந்தமையை எண்ணி வருந்துகின்றான். எழுகென்ற உடனே ஏன் எழுந்தாய் என்று வினவுகின்றான். மணந்த நாள் தொட்டு அவன் அவளை வினவும் உண்மையான வினா இதுவே எனலாம். அவளும் விடை கூறுகின்றாள். அவன் பிரிந்தமையால் அறவோரைப் பேணவும் விருந்தினரை எதிர்கொள்ளவும் தனக்கு இயலாமற் போனதென்கின்றாள். மாமனும் மாமியும் வந்தபோது துயரை மறைத்துப் பொய்ம்முறுவல் காட்டியதையும், அதனைக் கண்டு அவர்கள் உள்ளம் நொந்ததையும் சொல்கின்றாள். அவன் ஒழுகிய ஒழுக்கம் போற்றத்தக்கதன்று என்பதையும் முகத்துக்கு நேரே கூறுகின்றாள். மாறாத உள்ளம் உடைமையாலேயே உடன் எழுந்ததாக முடிக்கின்றாள்.

இக்கூற்றின் நுட்பம் கருதற்பாலது. கண்ணகி தான் இழந்தவற்றுள் இன்பத்தை எண்ணவில்லை; இல்லாளின் அதிகாரத்தை எண்ணுகின்றாள். கணவன் இல்லாத மனையில் விருந்தோம்பும் உரிமை மனைவிக்கு இல்லையாயிற்று. அவளுடைய குற்றச்சாட்டு காதலைப் பற்றியதன்று, அறத்தைப் பற்றியது. பொய்ம்முறுவல் எனும் ஒரு செய்தியால், பெருமனை ஒன்றில் உறவினர் வந்துபோகும் நாள்களில் ஓர் இளம்பெண் பட்ட துன்பம் முழுதும் விளங்கிவிடுகின்றது. இத்துணை நுண்ணிய இல்லறச் செய்தி மாடத்தைப் பற்றிய காதையில் இல்லை.

பின்னர்க் கோவலன் மீண்டும் அவளைப் புகழ்கின்றான். பொன் எனும் விளி மீண்டும் வருகின்றது; ஆயின் கரும்பும் தேனும் வரவில்லை. உலகுக்கு விளக்கென்றும் கற்பின் கொழுந்தென்றும் அவளை அழைக்கின்றான். விளக்கு ஒருவர்க்கு மட்டும் உரியதன்று. கொழுந்து தானே வளர்வது. நுகர்பொருளாகத் தோன்றியவள் இப்போது தன்னுயிர் உடையவளாகத் தோன்றுகின்றாள். இரு புகழுரைகளையும் ஒருங்கு வைத்துப் படிப்போர்க்கே ஆசிரியர் கருத்துப் புலனாகும். அந்த அறிவு பிறந்த நாளிலேயே கோவலன் சிலம்பொன்றை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குச் சென்றான், மீளவில்லை. யாண்டு சில நீண்ட மனையில் வாழ்வு அமையவில்லை. வாழ்வு அமைந்த மனையோ ஒரு நாள் நீண்டது. சிலப்பதிகாரத்தின் அவலம் கொலையில் மட்டும் இல்லை. இந்த அளவுமாறாட்டத்திலும் உள்ளது.

இவ்விரு மனைகளையும் மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்து நோக்குவார்க்கு வேறொரு பொருளும் தோன்றும். காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு, செட்டிபாளையம் முதலிய ஊர்களிற் கண்ணகியம்மன் கோயில்கள் உள்ளன. வைகாசித் திங்களிற் பூரணையை ஒட்டிக் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை படித்து, கலியாணக்கால் நட்டு, ஈற்றில் அம்மனின் வெம்மை தணியக் குளிர்த்தி நிகழ்த்துவர். வழக்குரை நூலை 1968இல் வித்துவான் வி. சீ. கந்தையா பதிப்பித்தார். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892-1947) சிலப்பதிகார அரங்கேற்றுகாதையின் இசைச் செய்திகளை ஆராயப் புகுந்து, 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சிற் பதிப்பித்த ஆண்டே அடிகள் பிறந்த 1892 என்பதும் நினைக்கத்தக்கது. ஏட்டுக் கல்வியாலும் கோயில் வழக்காலும் கண்ணகி இந்நாட்டுக்கு அந்நியள் அல்லள்.

சடங்கில் ஒரு முனையில் கலியாணக்கால் நிற்கின்றது. மறுமுனையிற் குளிர்த்தி நிற்கின்றது. மணமும் சினம் தணிதலும் வழிபடப்படுகின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள மனைவாழ்வு யாது என்று வினவுவார்க்குக் காப்பியமே விடை தரவேண்டும். அவ்விடை மாடத்தில் இல்லை, குடிலில் உண்டு என்பதே மேலே கண்டது.

இனி, இந்நாட்டு மணவழக்கை நோக்குக. மட்டக்களப்புப் பகுதியிற் குடிமுறை தாய்வழியாய் வருவது. மகளுக்கு வீடு சீதனமாக எழுதப்படும். மருமகனே அவள் மனைக்கு வருவான். தொடக்கத்திற் பெண்ணின் பெற்றோரும் உடனிருப்பர். காலம் செல்ல, அவர் இளைய மகளுக்கென எழுப்பிய வேறு வீட்டுக்கு மணமாகாத பிள்ளைகளோடு பெயர்வர். மூத்தவளின் வீடு மூத்தவளுக்கே நிற்கும். டெனிஸ் மக்கில்வ்றே எனும் அமெரிக்க மானிடவியலறிஞர் 2008இல் வெளியிட்ட தமது பெருநூலில் அக்கரைப்பற்று மக்களிடையே இவ்வழக்கை விரிவாக ஆராய்ந்துள்ளார். முக்குவர் சட்டம் பற்றிப் பிறிற்றோ 1876இலேயே ஒரு நூல் எழுதினார்.

இவ்வழக்கில் இடர் இல்லையென்பதன்று. மாமி ஆளும் மனையில் மருமகன் கூசி நடப்பான். ஒரே அடுப்பில் இரு குடும்பம் சமைக்குங்காற் சிறு பூசல்கள் எழும். இரண்டாம் வீடு கட்டி முடியும்வரை மூத்த மகளுக்கும் தாய்க்கும் இடையே பொறுமை தேய்வதுண்டு. இரண்டு மூன்று பெண்மக்களைப் பெற்ற உழவரும் மீன்பிடிகாரரும் வீடு கட்டியே ஆயுளைக் கழிப்பர். படுவான்கரையில் வேளாண்மை தவறிய ஆண்டில் எழுவான்கரையில் ஒரு வீட்டின் சுவர் அரைகுறையாய் நின்றுவிடும். ஆயினும் கணவன் நெறி தவறினாலும் மனைவி வீடிழந்து நில்லாள் என்பது அம்முறையின் உறுதி.

புகாரின் மனையோ கணவன் வீட்டார் அமைத்தது. ஆதலின் கோவலன் குலச்செல்வத்தைத் தொலைத்தபோது மனையும் உடன் தொலைந்தது. கண்ணகியின் கையில் எஞ்சியவை சிலம்புகளே. அவற்றுள் ஒன்றே கள்வன்பால் கொண்ட பொருளெனப் பாண்டியன் அவையில் நின்றது. ஆகவே அவள் உரைத்த வழக்கு, கணவன் கள்வனல்லன் என்பதற்கான வழக்கு மட்டுமன்று. தன் பொருள் தன்னுடையதே என்று ஒரு பெண் அரசன்முன் நிறுவிய வழக்குமாகும். மட்டக்களப்பார் தம் நூலுக்கு வழக்குரை எனப் பெயர் வைத்தமையின் பொருத்தம் ஈண்டு நன்கு விளங்கும். தாய்வழி முறை கண்ணகி வழிபாட்டாற் பிறந்தது என்று கூறுதல் சான்றில்லாத கூற்றாகும். ஆனால் பெண்ணின் மனையுரிமையை நாடோறும் காணும் மக்கள் அக்கதையை ஏனையோரினும் கூர்ந்து கேட்பர் என்பதில் ஐயமில்லை.

அவ்வுரிமை இன்று உறுதியாக நிற்கின்றதெனச் சொல்லி அமைதல் இயலாது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கீழ்க்கரையூர்களின் வீடுகளை வாரிச் சென்றது. அவற்றுட் பல பெண்களின் சீதன வீடுகள். பின்னர்ப் புதுவீடுகள் வழங்கப்பட்டபோது, குடும்பத் தலைவர் எனும் பெயரால் ஆடவர் பெயரில் உறுதி எழுதும் வழக்கம் புகுந்தது. தாயிடமிருந்து மகளுக்கு வந்த மனை ஓர் ஏட்டெழுத்தாற் கைமாறியது. ஆய்வாளரும் பெண்கள் அமைப்பினரும் இதனை எடுத்துக்காட்டிக் கண்டித்தனர். கூரையைத் தருவது வேறு, மனையைத் தருவது வேறு என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. புகாரின் பெருமனையும் அங்ஙனம் பிறர் தந்த கூரையே.

எனவே, கண்ணகியைப் பொறுமையின் வடிவமென்று மட்டும் மாணவர்க்குக் கற்பித்தல் நிரம்பாது. மாடத்திற் பேசாதிருந்தவள் குடிலிற் பேசினாள். குடிலிற் பேசியவளே அவையில் வழக்குரைத்தாள். அவள் குரல் திடீரெனப் பிறந்ததன்று. ஒரு சிறு வீட்டில், காயரிந்து சிவந்த விரலோடும் வியர்த்த முகத்தோடும், தன் கணவனிடம் உண்மை சொன்ன நாளிற் பிறந்தது. கொலைக்களக் காதையை நேரே கொலையிலிருந்து தொடங்கிப் படிப்போர் இதனை இழப்பர். அடுப்பிலிருந்து தொடங்கிப் படிப்போர்க்கோ, இளங்குடும்பத்துக்கு முதற்பொருள் மாடமன்று, ஒருவர் சொல்லை ஒருவர் கேட்கும் இடமே என்பது காப்பியத்தின் கருத்தாய் விளங்கும். வைகாசிதோறும் குளிர்த்தி பாடுவோர் வேண்டும் குளிர்மையும் அத்தகைய இடத்திலேயே நிலைபெறும் என்க.