நிழலின் ஓரத்தைப் பாருங்கள்

நாமக்கல் முட்டை, கொல்லிமலைப் பலா, சேலத்து வெள்ளிக் கொலுசு. சேந்தமங்கலம் வட்டாரத்தில் எளிதாகக் கிடைக்கும் இந்த மூன்றையும் ஒரு ஸ்டுடியோ மேசைக்குக் கொண்டுவந்துவிட்டால், ஒளியைப் பற்றிய அடிப்படைப் பாடத்துக்கு வேறு பொருள் தேட வேண்டாம். ஒன்று வழவழப்பு, ஒன்று முள், ஒன்று பளபளப்பு. மூன்றுக்கும் வெளிச்சம் வெவ்வேறு விதமாக விழ வேண்டும்.

பொருள்களை மட்டும் வைத்து எடுக்கும் ஸ்டில் லைஃப் படத்தில் முகபாவம் கிடையாது, அசைவு கிடையாது. சொல்ல வேண்டியதைப் பெரும்பாலும் வெளிச்சமே சொல்கிறது. அதனால் முதலில் நிழலின் ஓரத்தைப் பாருங்கள். கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் ஹார்ட் லைட். கருமை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தால் சாஃப்ட் லைட்.

இந்த வித்தியாசம் பல்பின் வாட்ஸில் இல்லை. பொருள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதில்தான் இருக்கிறது. சூரியனின் குறுக்களவு ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர். ஆனாலும் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், வானத்தில் அரை டிகிரி அகலத்துக்குத்தான் தெரிகிறது. வெயிலில் நிழல் கூராக விழுவது அதனால்தான். மேகம் மூடிவிட்டால் வானம் முழுவதுமே விளக்கு. ஸ்டுடியோவிலும் இதே கணக்குதான்: முட்டைக்கு 2 அடி தூரத்தில் மென்மையான ஒளி தரும் சாஃப்ட் பாக்ஸை (விளக்கை மூடும் வெள்ளைத் துணிப் பெட்டி) 10 அடிக்குத் தள்ளி வைத்தால் நிழல் இறுகிவிடும்.

சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மேல் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம், திறந்த முற்றத்தில் இறங்கும் வான வெளிச்சமாகவே தெரிந்தது. பட்டர் பேப்பரும் தெர்மாகோலும் மேசையளவில் செய்வது இந்த வேலையைத்தான்.

இனி முட்டை. வெள்ளைத் தாள்மேல் வெள்ளை முட்டையை வைத்து, பக்கவாட்டில் பட்டர் பேப்பர் வழியாக விளக்கைப் போடுங்கள். ஓடு வெள்ளையில் தொடங்கிப் பல சாம்பல் நிறங்களைக் கடந்து இருட்டுக்குப் போகும். இருட்டுப் பக்கத்தின் அடியில், தாளில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மெல்லிய பட்டையாகத் தெரியும். உருண்டையின் கனத்தைக் கண்ணுக்குக் காட்டுவது இந்தப் படிநிலைகள்தாம்.

பலாவுக்கு நேர்முகமாக சாஃப்ட் லைட் போட்டால் முட்கள் மங்கி, பச்சைக் கட்டியாகிவிடும். தோலை உரசிக்கொண்டு பக்கத்திலிருந்து ஹார்ட் லைட் வரட்டும். ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு வெளிச்சப் பக்கமும் ஒரு நிழலும் கிடைத்து, தொட்டால் குத்தும் என்று தோன்றும்.

கொலுசு இன்னும் சிக்கலானது. மெருகேற்றிய வெள்ளி கண்ணாடி மாதிரி எதிரே இருப்பதையே காட்டும். வெறும் பல்பு போட்டால் சில வெள்ளைப் புள்ளிகள், மீதியெல்லாம் கருப்பு. பெரிய வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டினால் சீரான வெண்மை வரும், ஆனால் வெள்ளியின் தன்மை போய்விடும். அதனால் தேர்ந்த கலைஞர்கள் கருப்புத் தாள் கீற்றைப் பக்கத்தில் வைத்து விளிம்புகளை மீட்பார்கள். முத்துக்கள் மின்னச் சிறிய ஹார்ட் லைட் ஒன்றையும் சேர்ப்பார்கள். நகை விளம்பரத்தில் இந்தக் கருங்கோடுகளைத் தேடிப் பாருங்கள்.

சாஃப்ட் லைட் என்றாலே இருட்டில்லாத படம் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த 'பெப்பர் நம்பர் 30' அதற்குச் சான்று. புனலின் சுவரில் பட்ட வெளிச்சம் மிளகாயின் மடிப்புகளைத் தழுவி வருகிறது. நிழல் எங்கும் கூராக இல்லை, ஆனால் பள்ளங்கள் ஆழ்ந்த கருப்பு. ஒளியின் மென்மை விளக்கின் அளவால் வருகிறது, இருட்டின் ஆழம் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எவ்வளவு எதிரொளிக்கிறது என்பதால் வருகிறது. இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்கப் பழக இந்த ஒரே படம் போதும்.