தவணை தவறும் அறிக்கைக்கு யார் பொறுப்பு?

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, பத்து அலுவலகங்களின் கணக்குகளும் பதிவேடுகளும் ஒரே ஆணையரின் பொறுப்பில் வந்து சேர்ந்தன. அதே காலத்தில் நடைமுறைக்கு வந்த பதினைந்தாவது நிதிக்குழுவின் பரிந்துரை, தணிக்கைக்கு முன் அலுவலகமே தொகுக்கும் தற்காலிகக் கணக்கை முந்தைய ஆண்டுக்கும், தணிக்கை முடிந்த கணக்கை அதற்கு முந்தைய ஆண்டுக்கும் இணையத்தில் வெளியிடுவதை மானியத்துக்கான நுழைவு நிபந்தனையாக்கியது. 2023-24 முதல் வெளியிடாத நகர உள்ளாட்சிக்கு அம்மானியம் இல்லை என்றானது.

பணம் நின்றுபோகும் என்ற அச்சம், கணக்கு முடிப்பதை அலுவலக வசதிக்கு விடாமல் நாள் குறித்த கடமையாக்கியது என்பதில் ஐயமில்லை. குறை, தண்டனை யார் தலையில் விழுகிறது என்பதில் இருக்கிறது. கோப்பைத் தாமதித்த அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலாகிச் செல்ல, மானியத்தை இழப்பவர் வரி கட்டிய குடியிருப்பாளர்; இது நியாயமற்றது.

மேலும், இந்நிபந்தனை கணக்கறிக்கை வந்ததா என்று பார்க்கிறதே அன்றி, அது பயன்படும் நேரத்தில் வந்ததா என்று பார்ப்பதில்லை. பணி அறிக்கைகளிலும் இதே குறைதான். குடிநீர், கழிவுநீர், திடக்கழிவு, மழைநீர் வடிகால் ஆகிய நான்கு பணிகளுக்குச் சேவைத்தர அளவுகோல்களை, அதாவது எட்ட வேண்டிய இலக்குகளை, ஆண்டுதோறும் அறிவிக்கும் முறையைப் பதிமூன்றாவது நிதிக்குழு முன்பே வலியுறுத்தியது. ஆனால் செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் செல்லும் கால்வாயை எடுத்துக்கொண்டால், எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவரை, எந்தத் தேதியில் தூர்வாரப்பட்டது என்ற விவரம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் வந்தால்தான் விடுபட்ட பகுதியைச் சரிசெய்ய முடியும். நிதியாண்டு முடியும் மார்ச்சில் ஒரே விழுக்காட்டு எண்ணாக அது வருமானால், வெள்ளம் வடிந்தபின் யாருக்கும் உதவாது. நாள் தவறினால் தண்டனை என்று மட்டும் இறுக்கினாலோ, களத்தைப் பார்க்காமலே கட்டத்தை நிரப்பும் பழக்கம் வளரும். பணியாளர் பற்றாக்குறையால் நேரும் தாமதத்தையும் அலட்சியத்தால் நேரும் தாமதத்தையும் ஒரே தட்டில் வைப்பதும் தவறு.

ஆகவே மாநகராட்சியின் ஒவ்வொரு மண்டல அறிக்கையிலும் பொறுப்பு அதிகாரியின் பதவி, தர வேண்டிய நாள், தந்த நாள், தாமதத்தின் காரணம் ஆகியவை இடம்பெற்று, அவை மாமன்றக் கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும். கேட்காமலே தகவல் வெளியிடும் கடமையை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நான்காம் பிரிவில் ஏற்கெனவே விதித்திருப்பதால், இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. அடுத்த மழைக்கு முன் மாநகராட்சி இதைத் தொடங்க வேண்டும்.