கடலோர பங்களாவில் ஒரு கொலை: தமிழின் சிறுமுதலீட்டுக் காமத் த்ரில்லர்கள்

திரைப்பட விநியோகஸ்தர்களிடம் செங்கல்பட்டு என்று சொன்னால் ரயில் சந்திப்பு நினைவுக்கு வராது, விநியோக ஏரியாதான் நினைவுக்கு வரும். சென்னை நகரம் தனி, செங்கல்பட்டு தனி, கோவை, மதுரை–ராமநாதபுரம் என்று நீளும் அந்தப் பழைய கணக்கு இன்னும் மாறவில்லை. 1997இல் பழைய மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது. 2019இல் செங்கல்பட்டு மறுபடி மாவட்டமானது. ஏரியா மட்டும் அப்படியே இருக்கிறது. சென்னைப் புறநகரின் திரையரங்குகள் பலவும் அதற்குள் அடங்குவதால், ஒரு சின்னப் படம் பிழைக்குமா என்பது பெரும்பாலும் இங்கே தெரிந்துவிடும். அந்தச் சின்னப் படங்கள் எடுக்கப்படுவதும் இதே மண்ணில்தான். முட்டுக்காடு தாண்டி கோவளம், திருவிடந்தை, நெம்மேலி, பட்டிபுலம் என மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வாடகைக்குக் கிடைக்கும் பங்களாக்களை நம்பிப் பல திரைக்கதைகள் எழுதப்படுகின்றன.

கையில் காசு குறைந்த இயக்குநர் காமமும் குற்றமும் கலந்த த்ரில்லரை நாடுவதில் வியப்பில்லை. ஒரு வீடு, நாலு நடிகர்கள், சில இரவுகள் போதும். இடம் சுருங்கச் சுருங்கப் பார்வையாளருக்கு மூச்சு முட்டும்; வேறு வகைப் படங்களுக்குக் குறையாகிற வறுமை இங்கே பலமாகிறது. ஆனால் காசில்லாதது முதலில் காதுக்குத் தெரிந்துவிடும். கடற்காற்றும் அலையும் சவுக்குத் தோப்பின் இரைச்சலும் நேரடி ஒலிப்பதிவுக்கு எதிரிகள். ஆகவே வசனம் முழுவதையும் பிறகு டப்பிங் அறையில் பதிகிறார்கள். இந்த வகைப் படத்தின் உயிரே தயக்கத்திலும், பாதியில் நின்றுபோகும் சொல்லிலும், மூச்சிலும் இருக்கிறது. அவசர டப்பிங்கில் முதலில் சாவது அதுதான்.

இந்தத் த்ரில்லர்களின் மூதாதைகள் இரண்டு: பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), பாலு மகேந்திராவின் 'மூடு பனி' (1980). இரண்டுக்கும் இளையராஜாதான் இசை; இரண்டிலும் கொலைகாரனின் பால்ய காலக் காயமே கொலைக்குக் காரணம். முன்னதில் சிறுவன்மீது ஒரு பெண் சுமத்தும் பொய்ப்பழி. பின்னதில் தகப்பனின் பெண் சகவாசத்தால் தாய் படும் பாடு. ஆசையை வெளிப்படுத்திய பெண்ணுக்குச் சாவு, கொன்றவனுக்கு அனுதாபம் என்ற கணக்கை இந்த இரண்டு படங்களும் நிறுவிவிட்டன. காட்சிமொழியில் இவை பெரிய படங்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் பின்னால் வந்தவர்கள் அந்த ஒளியையும் நிழலையும் விட்டுவிட்டு, அந்தக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கௌதம் வாசுதேவ் மேனனின் 'நடுநிசி நாய்கள்' (2011) இதற்கு நல்ல சான்று. பின்னணி இசையே இல்லாமல் படத்தை நடத்திச் சென்ற துணிச்சல் பாராட்டத் தக்கது. கதவு திறப்பதும் கார் நிற்பதும் அதில் பாட்டைவிட அதிகம் பேசுகின்றன. ஆனால் கொலைகாரன் வீராவின் சிறுவயதுக் கொடுமைகளை ஒவ்வொன்றாக விளக்கி, அவன் ஏன் இப்படி ஆனான் என்று நிறுவுவதிலேயே படம் தீர்ந்துபோகிறது. அவன் கடத்தி வரும் பெண்களுக்கு அலறலைத் தவிர வேறு வசனம் அதிகமில்லை.

இந்தத் துறையில் நான் அதிகம் மதிக்கும் படம் ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'லென்ஸ்' (2017). இரண்டு அறைகள், இரண்டு கணினிகள், இரண்டு ஆண்கள். மனைவிக்குத் தெரியாமல் இணையத்தில் காம அரட்டையில் திளைக்கும் அரவிந்தை, யோகன் என்பவன் ஸ்கைப் அழைப்பில் பிடித்து, தன் தற்கொலையைப் பார்க்கச் சொல்கிறான். பார்ப்பதே இன்பம் என்று இருந்தவனுக்குப் பார்ப்பதே தண்டனை. சிறுமுதலீட்டுப் படத்தின் கட்டாயங்களான அடைபட்ட அறையும் அசையாத முகமும் இங்கே கருவோடு ஒன்றிவிட்டன. பெரிய பணம் கிடைத்திருந்தால் இந்தப் படம் கெட்டிருக்கும் என்றே தோன்றுகிறது. பார்வையாளரும் அந்தரங்க வீடியோவைத் தேடிப் போகிறவர்தாமே என்ற கேள்வியை, உபதேசமின்றி, சட்டகத்தின் அமைப்பாலேயே படம் எழுப்புகிறது.

அதன் பலவீனமும் சின்னதல்ல. வெளியே கசிந்த வீடியோவால் உயிரை மாய்த்துக்கொள்ளும் ஏஞ்சல் பேச முடியாதவள். அவளுக்கான நியாயத்தைக் கணவன் யோகன் கேட்கிறான், குற்றவாளி பதில் சொல்கிறான், இன்னொரு பெண்ணான அரவிந்தின் மனைவி பணயமாகிறாள். முழு வழக்கும் இரண்டு ஆண்களுக்கு இடையிலேயே நடந்து முடிகிறது. அவமானத்தை ஏஞ்சல் எப்படி உணர்ந்தாள், தன் உடல்மீது அவளுக்கு என்ன உரிமை இருந்தது என்பதைத் தூய்மை என்ற திரை மூடிவிடுகிறது.

வணிகம் இந்தப் பலவீனத்தை வளர்த்தது. 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தை வெட்டி மறுசான்றிதழ் வாங்காமல் தொலைக்காட்சியில் காட்ட முடியாது. சேட்டிலைட் உரிமைதான் சின்னத் தயாரிப்பாளரின் கடைசிப் பிடிமானமாக இருந்தது. தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்கு 2006இல் வந்த கேளிக்கை வரி விலக்குக்கு 2011இல் 'யு' சான்றிதழும் நிபந்தனையானது. ஷகிலா நடித்த 'கின்னாரத்தும்பிகள்' (2000) போன்ற மலையாளப் படங்கள் காலைக் காட்சிகளை நிரப்பிய பழக்கமும் சேர்ந்துகொள்ள, தயாரிப்பாளர் போஸ்டரில் ஒன்றை வாக்களித்துப் படத்தில் வேறொன்றைத் தந்தார். ரத்னகுமாரின் 'ஆடை' (2019) போன்ற உண்மையான முயற்சியையும், நிர்வாணம் பற்றிய பேச்சே வெளியீட்டுக்கு முன் விழுங்கியது.

கிழக்குக் கடற்கரைச் சாலை புதுச்சேரிக்குப் போகிறது. அங்கே நடப்பதாக எடுக்கப்பட்ட இந்திப் படம் 'ஜிஸ்ம்' (2003). 'பாடி ஹீட்' (1981) என்ற அமெரிக்கப் படத்தின் சாயல் கொண்டது. அதில் திட்டம் போடுகிறவள் பெண். ஆசைப்படுகிறவளும் ஏமாற்றுகிறவளும் அவளே. இறுதியில் அவளையும் சுட்டு வீழ்த்துகிறார்கள் என்பது வேறு, அதுவரை கதையை ஓட்டுகிறவள் அவள்தான். இதே கடற்கரையில் இத்தனை பங்களாக்களை வாடகைக்கு எடுத்த தமிழ் த்ரில்லர்களில் அப்படியொருத்தியைக் காண்பது அரிது. அதற்குப் பக்கத்தில் வருவது பாலாஜி கே. குமாரின் 'விடியும் முன்' (2013). காமத் த்ரில்லர் அல்ல, காமச் சந்தையிலிருந்து தப்பி ஓடும் ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும்தான் கதை. பூஜா ஏற்ற ரேகா பாலியல் தொழிலாளி. தப்பு செய்தவள், பயந்தவள், கணக்குப் போடத் தெரிந்தவள். படம் அவளுக்குத் தூய்மைச் சான்றிதழ் எதுவும் தரவில்லை. அடுத்து என்ன செய்வது என்று அவளே முடிவெடுக்கிறாள், நம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.