விட்டுவிடு கருப்பா: கெஞ்சுவது யார்?

இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’வை நான் முதலில் படித்தது திருப்பூரில், ஒரு லைன் வீட்டில், நைட் ஷிப்ட் முடிந்து வந்த விடியற்காலையில். ரூமில் இருந்த எல்லோரும் படித்து அட்டை போயிருந்த பிரதி. தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அண்ணன்தான் கொடுத்தார். பேய்க்கதையான்னு கேட்டேன். “பேயெல்லாம் இல்லப்பா, சாமி கதை. ஆனா பயமா இருக்கும்” என்றார்.

இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பதிலைத்தான் சுத்திச் சுத்தி வருகிறேன்.

பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கிய பி.டி. சாமியின் பேய்களுக்குப் பயப்படலாம், புத்தகத்தை மூடிவிட்டால் போய்விடும். நம்ம கோவை ராஜேஷ்குமாரிடம் எவ்வளவு விபரீதம் நடந்தாலும் கடைசி அத்தியாயத்துக்குள் பெரும்பாலும் ஒரு மனிதக் கை அகப்பட்டுவிடும். இந்திரா சௌந்தர்ராஜன் பயத்தை வெளியிலிருந்து கொண்டு வருவதில்லை. வாசகன் வீட்டில் ஏற்கெனவே கெடா வெட்டிக் கும்பிடும் சாமியையே எடுக்கிறார். கொங்கில் கருப்பராயன் இல்லாத ஊரைத் தேடணும். தெற்கே இருந்து பனியன் கம்பெனிக்கு வந்தவனுக்கு அதே சாமி கருப்பு, அவன் விட்டுவிட்டு வந்த ஊரின் எல்லையில் நிற்கிறது.

தப்பு செய்தவனைக் கருப்பு தண்டிக்கிறது என்று ஒரு ஊரே நம்புவதுதான் கதை. இதையே 1990களின் பின்பாதியில் நாகா சன் டிவியில் ‘மர்ம தேசம்’ வரிசையில் எடுத்தபோது தலைப்பு ‘விடாது கருப்பு’ ஆனது. சின்ன மாற்றம்தான். ஆனால் பேசுகிற ஆளே மாறிவிட்டார். நாவலின் தலைப்பு, மாட்டிக்கொண்டவன் கெஞ்சுவது. சீரியலின் தலைப்பு, பாதிக்கப்பட்டவன் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது. எங்க ரூமில் யாரும் முதல் தலைப்பைச் சொல்லவே மாட்டார்கள். புத்தகத்தையே ‘விடாது கருப்பு’ன்னுதான் கேட்டு வாங்குவார்கள்.

ஒரு சமயம் எங்களுக்கு மூணு சனிக்கிழமை சம்பளம் வரவில்லை. யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாது. அந்த அண்ணன் சிரிக்காமல் சொன்னார்: “ஆனைமலைக்குப் போய் மிளகா அரைச்சுட்டு வந்துரலாமா?” மாசாணியம்மன் கோயில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுவது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கருப்பு குதிரையில் வரும்போது நாங்கள் பயந்தது உண்மை. வந்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டதும் உண்மை. பயமும் ஆசையும் ஒரே உருவத்தின் மேல் விழுவதுதான் இந்த நாவலின் பலம்.

அதனாலேயே முடிவு எனக்கு உறுத்துகிறது. (படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்க.) தண்டிக்கிற கை, மனம் பிளந்த ஒருவனுடையது என்று தெரிய வருகிறது. மர்மக்கதையாக அது கச்சிதமான முடிச்சு. ஆனால் அதுவரை நீதி என்று நாம் நம்பியது ஒரே அடியில் நோயாகிவிடுகிறது. நோயாளிக்கு வைத்தியம் உண்டு, சரி. ஊரில் தப்பு செய்தவர்களை இனி யார் கேட்பது? நாவல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பகுத்தறிவுக்கு ஒரு விளக்கம் கொடுத்து, நம்பிக்கைக்கும் ஒரு கதவைத் திறந்து வைப்பது அவர் வழக்கம். இரண்டு தரப்பும் சந்தோஷமாகப் போகும்.

நூற்றுக்கணக்கான நாவல் எழுதியவர். வேகத்தின் தழும்புகள் இருக்கத்தான் செய்யும். சாபம், ஜமீன், சித்தர், நம்பாமல் வந்து நம்பிப் போகும் நகரத்து ஆள் என்று திரும்பத் திரும்ப வரும். பாத்திரங்கள் சில இடங்களில் உபன்யாசமே செய்வார்கள். பின்னாளில் எழுதிய பலவற்றை நான் பாதியில் வைத்திருக்கிறேன். இதை மட்டும் மூணு முறை படித்தேன்.

2024 நவம்பரில் அவர் மதுரையில் காலமான செய்தி வந்த அன்று அண்ணனுக்கு போன் போட்டேன். ஊரிலேயே இருக்கிறார் இப்போது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: “அந்த புக்கு உங்கிட்டதானப்பா இருக்கு?”